செவலையின் வாலும் என் வீட்டுக்காரர் நாடியும்

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொரு கையில் சங்கிலி கோத்த கடிகாரம். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், முதல்நாள் மழையில் குழைந்த செம்மண், வெயிலில் ஓரம் ஓரமாகக் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. வரிசையில் நிற்கும் ஆண்களிடமிருந்து வேர்வையும் புளித்த மரவள்ளியும் கலந்த ஒரு வாசம். தண்ணீர் வாளியோடு நான் நிற்கிறேன். என் கொண்டையில் மூன்று சேவல் இறகுகள்.

அந்த நாடி மெதுவாக அடித்தால் அவர் தப்பினார் என்று நாங்கள் நம்பியிருந்தோம். மெதுவாகத்தான் அடித்தது. கோயில் மணியை ஆற அமர அடிக்கிறவன் மாதிரி, ஒன்று அடித்து, யோசித்து, அடுத்தது.

டிரஸ்ஸரின் முகம் மலர்ந்தது. நான் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நேராகப் போய் நேராகத் திரும்புகிற ஆள் நான் இல்லை என்பது இந்தப் பத்தியை இத்தனை வாரமாகப் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

நல்ல நோய்

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். தம்பின் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய தோட்டம் எங்களுடையது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். ரப்பர் மரங்களில் பாதியைத்தான் பாலுக்குச் சீவினார்கள். மீதிக் காட்டை அழித்து மரவள்ளி நட்டிருந்தோம். தாய்மார் வேலைக்குப் போனதும் அவர்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் தொட்டிலாட்டுவது என் வேலை. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அவர் பெயர் மாரிமுத்து. வாயால் சொல்லமாட்டேன். எழுதலாம், எழுதுவது கைதானே.

அப்போது எல்லார் தலைக்கு மேலும் தொங்கிய ஒரு சொல், சயாம். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும். முதலில் ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள். பிறகு லாரியோடு வந்தார்கள். போனவர்களில் ஒருவராவது திரும்பி வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லவில்லை. அதுவரை ஒருவரும் திரும்பி வரவே இல்லை.

எங்கள் தோட்டத்தில் மட்டும் தப்பிக்க ஒரு சின்னச் சந்து இருந்தது. முன்பு அனுப்பிய ஆட்களில் சிலர் தம்பின் ஸ்டேஷனிலேயே சுருண்டு விழுந்துவிட்டார்களாம். அதற்காக எங்கள் பக்கத்து அதிகாரி மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். அதிலிருந்து டிரஸ்ஸர் நாடி பார்த்துத் தேறியவர்களை மட்டும்தான் லாரியில் ஏற்றுவது. அந்த அதிகாரி தடித்த கண்ணாடி போட்டவர். நாங்கள் வைத்த பெயர் கண்ணாடி மாஸ்டர்.

அதன் பிறகு முதல் தடவை லாரி வந்தபோது என் வீட்டுக்காரரை வேண்டாமென்று தள்ளிவிட்டார்கள். காரணம் ஓர் அறை. அதற்குச் சில மாதம் முன்பு சாலைக் காவலில் குனிந்து வணங்க மறந்து, கன்னத்தில் ஒன்று வாங்கியிருந்தார். கன்னம் வீங்கி வற்றிவிட்டது. நெஞ்சு வற்றவில்லை. கை நடுங்கும். தூக்கம் கிடையாது. சாப்பிட்ட கிழங்கு வயிற்றில் கல்லாய் நிற்கும். அவர் மார்பில் காதை வைத்தால் யாரோ அவசர அவசரமாக நெல் குத்துகிற சத்தம்.

டிரஸ்ஸர் நாடியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "என்னாய்யா இது, மெரண்ட மாட்டு வண்டி மாதிரி ஓடுது. போ அந்தப் பக்கம்."

எவ்வளவு நல்ல நோய் பாருங்கள். அதைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க வேண்டும். நாங்கள் அதைவிட நல்ல நோய் ஒன்றைத் தேடிப் போனோம்.

நாடியே இல்லாத மனிதன்

செய்தி கொண்டுவந்தவர் சடையண்ணன். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, தனக்கென்று ஒற்றைக் கிழங்கைச் சுட்டுத் தின்றுவிட்டு, ஊர்ச் சிரிப்பையெல்லாம் தானே சிரிக்கிற மனிதர்.

"பக்கத்துத் தோட்டத்துல ஒரு பண்டாரம் இருக்கான்ல, எந்நேரமும் கண்ண மூடிக்கிட்டு? அவன் கையப் புடிச்சா நாடியக் காணோமாம். கழுத்துல தேடுனானாம், காணோம். அதிகாரியே பயந்துபோய், வேணாம் போன்னுட்டானாம். நாடி இல்லாதவன எப்படிலா ஏத்துவான்? பொணத்த ரயிலேத்தி என்னா பண்றது?"

"எனக்குத்தான் ஏற்கெனவே தெறிச்சு ஓடுதேண்ணே" என்றார் என்னவர்.

"ஓடுறது என்னைக்கு வேணும்னாலும் அடங்கிரும்டா மாரி. பயம் தெளிஞ்சா போச்சு. நாடி இல்லேன்னா இல்லதான். அதுதான் நெலையான நோவு."

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று இப்போது யார் வேண்டுமானாலும் காட்டலாம். அன்றைக்கு அது இரும்புப் பெட்டி மாதிரி இருந்தது. தியானம் செய்தால் ரத்தம் சுண்டும், உடம்பு வெளிறும், நாடி ஒளிந்துகொள்ளும். சாமியார்கள் எல்லாம் எலும்பும் தோலுமாக இருப்பது வேறு எதனால்? பட்டினியால் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பட்டினி எங்கள் வீட்டு ஆள். அது யாரையும் சாமியார் ஆக்கியதாகத் தெரியவில்லை.

ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடுகிற கொட்டகை சும்மா கிடந்தது. வேலை முடிந்து, பொழுது சாய்வதற்கு முன், இரண்டு பேரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். சுவரெல்லாம் பழைய புகை. கூரைச் சந்து வழியாக வெயில் ஒரு கயிறு போல இறங்கும். அதில் தூசிகள் அவரவர் பாட்டுக்கு நீந்தும்.

முதல் நாள் மூச்சைப் பிடித்தார்கள். சடையண்ணன் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனார். என்னவர் பக்கவாட்டில் சாய்ந்தார். இரண்டு பேருக்கும் பரம சந்தோஷம், நோய் வந்துவிட்டதாம்.

ஒட்டடைக் கம்போடு வந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"மூச்சப் புடிக்காதீங்க. சும்மா பாத்துக்கிட்டு இருங்க. தொட்டில்ல தூங்குற புள்ளையோட வயித்தப் பாத்திருக்கீங்களா? மேல வரும், கீழ போவும். அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

"நாங்க என்ன கைக்கொழந்தையா, தங்கச்சி?" என்றார் சடையண்ணன்.

"நீங்க பண்றதப் பாத்தா கொழந்த கொஞ்சம் பெருசு."

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த யோகம். தொட்டிலிலிருந்து எடுத்தது.

நானும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடிய உடனே உள்ளே சந்தை திறந்துவிட்டது. தாளித்த கடுகு வெடித்தது. இடது முழங்காலில் ஒரு எறும்பு ஏறியது. அது எறும்பா, எறும்பு என்ற நினைப்பா என்று ஆராய்ந்தேன். மேகத்தின் நிறத்துக்கு ஒரு சொல் தேடினேன். அந்தச் சொல்லுக்கு ஒரு வாக்கியம் தேடினேன். ஆற்று நீரைக் கூடையில் அள்ளி ஓரிடத்தில் வைக்கச் சொன்னால் எப்படி? எழுந்து போய்விட்டேன். இன்றுவரை நான் அப்படித்தான். என் எழுத்தும் அப்படித்தான்.

மேனி தேறியது

முதலில் போனது ராத்திரிப் புரளல். பிறகு தூக்கம் வந்தது. படுத்தால் கட்டை மாதிரி தூங்கினார். அதற்குப் பிறகு வயிறு. அதே கிழங்கு, அதே உப்பில்லாத கீரை, ஆனால் கல்லாய் நிற்கவில்லை. ஒரு நாள் மங்குக் கிண்ணத்து ரப்பர் பாலை வாளியில் ஊற்றும்போது நான் அவர் கையைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. மரத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவினார். வெகுதூரத்தில் லாரி வரும் சத்தத்தை எங்களுக்கு முன்னால் கேட்டார். கேட்டுவிட்டு, "லாரி வருது" என்று, ஏதோ மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார்.

இப்போது சிரம்பானில் எனக்கு வைத்தியம் பார்க்கிற இளம் டாக்டர் அம்மா இதையெல்லாம் விளக்குகிறார். பயம் வந்தால் மணி அடிக்கிற இடம் ஒன்று மூளைக்குள் இருக்கிறதாம். மணி அடித்தால் நெஞ்சு ஓடும், கை நடுங்கும், வயிறு வேலையை நிறுத்திவிடும். தினமும் சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கப் பழகினால், அந்த மணியடிக்கிறவன் கொஞ்சம் கண்ணயர்கிறானாம். ரத்த அழுத்தம் இறங்குமாம். இதைக் கண்டுபிடிக்க எங்கெங்கோ தலையில் கம்பி மாட்டிப் பார்க்கிறார்களாம். எங்கள் புகைக் கொட்டகையில் கம்பி இல்லாமலே பார்த்துவிட்டோம் என்று சொன்னேன். சிரித்தார். நம்பினாரா தெரியவில்லை.

லயத்துப் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். "அஞ்சல, ஒன் வீட்டுல மட்டும் எங்கேருந்துடி அரிசி வருது? ஆளு மெருகேறிக் கெடக்கான்."

சடையண்ணன் இன்னும் மோசம். கன்னம் சப்பைதான், ஆனால் அதில் ஒரு வெளிச்சம். முன்பு ஊருக்காகச் சிரித்தவர், இப்போது ஒன்றும் இல்லாததற்கே சிரித்தார்.

எங்கள் புத்திக்கு அப்போதும் எட்டவில்லை. எட்டவைத்தது கண்ணாடி மாஸ்டர்.

வாரத்தில் ஒரு நாள் காலைப் பெரட்டுக்கு அவர் வருவார். ஜப்பான் ராஜா இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும்; பிறகு கண்ணை மூடி அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் ஆட்கள் நிற்கிற அழகு தெரியுமே. ஒருவர் சொறிவார், ஒருவர் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், ஒருவருக்குக் கொட்டாவி. அதற்கு நடுவில் இரண்டு பேர், நட்ட கல் மாதிரி. மாஸ்டர் அவர்கள் முன்னால் போய் நின்றார். மூக்குக்கு மூக்காகப் பார்த்தார். மூச்சு மேலே வந்தது, கீழே போனது.

"ஜோத்தோ" என்றார். அவர்கள் பாஷையில் நல்லது என்று அர்த்தம். என்னவர் தோளைத் தட்டினார், நல்ல மாட்டைத் தட்டுகிற மாதிரி.

அந்தத் தட்டலில்தான் எனக்குப் புரிந்தது. சயாமுக்கு இதைவிட நல்ல மாடு கிடைக்காது.

கொஞ்சம் பயப்படுங்க மாமா

"கொட்டகைக்குப் போனது போதும்" என்றேன் வீட்டில். "நாளைக்கு லாரி வருதுன்னு ஆபீஸ் கிராணி சொல்றாரு. நாடி இப்ப எப்படி இருக்கு?"

அவரே பிடித்துப் பார்த்துக்கொண்டார். "நல்லா நிதானமாத்தான் இருக்கு."

"அதான் ஆபத்து. அந்தப் பண்டாரம் கத வேற. ஒங்களுக்கு நாடி காணாமப் போகல, நல்லாயிருச்சு. பழையபடி பயப்படுங்க."

"எப்படி?"

"இத்தன மாசம் பண்ணுனீங்களே, அதே மாதிரி."

அவர் நல்ல மனிதர்; சொன்னதைச் செய்துபார்ப்பவர். சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தைச் சுருக்கி, பயப்பட முயன்றார். சாலைக் காவலை நினைத்தார். அறையை நினைத்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தானாகப் பிரிந்து, தொட்டில் பிள்ளை முகமாகிவிட்டது.

"வரல, புள்ள" என்றார். "அவனும் பாவம், பயந்துபோய்த்தான் அடிச்சிருப்பான்னு தோணுது."

எனக்கு வந்த கோபத்தில் நானே ஒரு அறை கொடுத்திருப்பேன். எதிரியின் மேல் இரக்கம் வருகிற அளவுக்கு முற்றிவிட்டது நோய்.

"பாம்பு வந்துச்சுன்னா?"

"ஒதுங்கி நிக்கணும்."

"நான் வேற ஒருத்தனோட ஓடிட்டேன்னா?"

யோசித்தார். "நீ எங்கயும் நேராப் போக மாட்ட. பாதி வழியில திரும்பி வந்துருவ."

அப்போது வாசலில் செவலை கூவியது.

செவலை அவருடைய சண்டைச் சேவல். நெருப்பு நிறம், வால் மட்டும் கறுப்பாகி, பச்சை மின்னும். லயமே எலும்பை எண்ணிக்கொண்டிருந்த அந்த நாளில் ஒரு சேவல் உயிரோடு உலாவியது என்றால், அதற்கு அவர் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தன் கிழங்கில் பாதி அதற்கு. குழம்பு வைத்துவிடுவேன் என்று நான் மிரட்டாத வாரம் கிடையாது.

கூவல் கேட்டதும் அவர் கழுத்து தானாகத் திரும்பியது. கண்ணில் ஒரு சின்னப் பதற்றம். சேவல் நலமா என்று பார்த்துவிட்டு அது அடங்கியது.

நான் பார்த்துவிட்டேன். தியானம் எல்லா அறையையும் பெருக்கிவிட்டது. ஒரு மூலையை மட்டும் பெருக்கவில்லை.

மூன்று இறகு

மறுநாள் அவர் களத்துக்குப் போனதும் செவலையை மடியில் அமுக்கி, வாலில் மூன்று நீள இறகைப் பிடுங்கினேன். அது என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

இப்போது களத்துக்குத் திரும்பிவிட்டோம். வாளியோடு நிற்கிறேன். டிரஸ்ஸரின் விரல் அவர் மணிக்கட்டில். மாஸ்டர் பக்கத்தில். நீல மைக் குப்பியும் குச்சியும் தயார். தேறியவன் கையில் ஒரு கோடு இழுப்பார்கள், அவன் போய் லாரியில் ஏறுவான்.

"ஜோத்தோ, மாஸ்டர்" என்றார் டிரஸ்ஸர். கடிகாரத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டுக் குச்சியை மைக்குள் விட்டார். விரல் இன்னும் நாடியில்.

நான் குவளையை நீட்டினேன், தலையைக் கொஞ்சம் அதிகமாகவே சாய்த்து.

அவர் குடிக்கக் குனிந்தவர் நிமிர்ந்தார். "என்னா அது, கொண்டையில?"

"எறகு."

"யாரோடது?"

"கொழம்பு வெச்சுட்டேன் மாமா. பசி தாங்கல. சாறு நல்லாத்தான் எறங்கியிருக்கு."

ஒரு கணம் ஒன்றும் இல்லை. அந்தக் கணத்தில் என் உயிர் வாளித் தண்ணீரில் மிதந்தது. பிறகு அவர் கழுத்து நரம்பு புடைத்தது. குவளை தகரச் சத்தத்தோடு விழுந்தது. உதடு ஆடியது, கை ஆடியது, காது மடல்வரை ரத்தம் ஏறியது.

"செவலையவா? எஞ் செவலையவா?"

டிரஸ்ஸர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். மறுபடி மணிக்கட்டைப் பார்த்தார். மாஸ்டர் அவரைத் தள்ளிவிட்டு, தானே என்னவர் மார்பில் உள்ளங்கையை வைத்தார். சூட்டில் பட்டதுபோல எடுத்தார். "பகேரோ" என்று டிரஸ்ஸரைத் திட்டினார். ஜப்பானில் முட்டாளுக்கு அதுதான் சொல்.

டிரஸ்ஸர் என் கொண்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மைக் குச்சியைத் திரும்பக் குப்பிக்குள் விட்டார். "ஆர்ட்டு சீக்கு, மாஸ்டர். ஏத்துனா ரயில்லயே போயிடுவான்" என்று கையை ஆட்டி மலாயில் விளக்கினார். எங்களிடம் தமிழில், "போய்த் தொலைங்கய்யா அந்தப் பக்கம். குடும்பச் சண்டைய வீட்டுல வெச்சுக்குங்க" என்றார்.

அடுத்து நின்றவர் சடையண்ணன்.

அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். புரிந்துகொண்டார். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். டிரஸ்ஸர் நாடியைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஏதாவது சொல்ல இடம் கொடுப்பதுபோல, அவசரப்படாமல் பிடித்திருந்தார்.

"தங்கச்சி" என்றார் சடையண்ணன், விளையாட்டுப் போலத்தான். "எனக்கும் ஏதாச்சும் சொல்லு லா."

நான் வாயைத் திறந்தேன். சந்தை மாதிரி இரைகிற என் தலையில் அன்றைக்கு ஒரு சொல் இல்லை. அவருக்குச் சேவல் இல்லை. பெண்டாட்டி இல்லை. களவு போக வாசலில் மூன்று கல்தான். எதைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்வேன்?

"சரி விடு" என்றார். "மாரிக்குத் தண்ணி குடு. மூச்ச வாங்குறான் பாரு."

மாஸ்டர் மை தொட்டுக் கோட்டை இழுத்தார். லாரியின் பலகையில் அவர் உட்கார்ந்ததைப் பார்த்தேன். சம்மணம் போட்டு, கண்ணை மூடி. லாரி குலுங்கியபோதும் அவர் குலுங்கவில்லை. எங்கள் எல்லாரிலும் நன்றாகக் கற்றவர் அவர்தான்.

ராசாவில் ஒரு காலை

அன்று வீட்டுக்கு வந்த என்னவரை வாசலில் வரவேற்றது, வால் பாதி போன ஒரு சேவல். அவமானத்தில் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கி, அடுத்த வீட்டு வாசலில் ஆறிக் கிடந்த மூன்று கல்லைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சடையண்ணன் திரும்பவில்லை. போர் முடிந்து, தம்பின் ஸ்டேஷனில் வந்து இறங்கிய எலும்புக் கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினோம்.

இப்போது சிரம்பான் பக்கத்தில் ராசாவில் இருக்கிறோம். அவர் தினமும் விடிந்ததும் பின்கட்டில் உட்கார்கிறார். அவருடைய பிரஷர் இளவட்டத்துக்கு இருக்க வேண்டிய பிரஷராம். என்னுடையதைப் பார்த்து டாக்டர் அம்மா உதட்டைப் பிதுக்குகிறார். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "நீங்களும் அவரோட உட்காருங்களேம்மா" என்கிறார்.

உட்கார்கிறேன். மூச்சு மேலே வருகிறது, கீழே போகிறது. கடுகு வெடித்து ஓய்கிறது, எறும்பு ஏறி இறங்குகிறது. எல்லாம் அடங்கிய பிறகு சடையண்ணன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். லயம் தீப்பிடிச்சிருச்சுண்ணே என்கிறேன், சிரிக்கிறார். பாம்பு என்கிறேன், சிரிக்கிறார்.

போன வாரம் வேறொன்று வந்தது. "அண்ணே, இன்னிக்கு ஒங்களுக்கும் சேத்துத்தான் ஒல வெச்சிருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க."

அவர் சிரிப்பு நின்றது. டிரஸ்ஸர் அன்று போலவே கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

அந்த இடத்தில் என் நெஞ்சு மிரண்ட மாட்டு வண்டியாய் ஓடத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "என்னா புள்ள, எங்க போயிட்ட?"

"எங்கயும் போகல மாமா. பாதி வழியில திரும்பிட்டேன்."

அடுத்த மாதம் டாக்டர் அம்மா கையில் பட்டையைச் சுற்றி, பிரஷர் முள் ஏறுவதைப் பார்த்து, "ஒழுங்கா உட்கார்றீங்களாம்மா?" என்று கேட்பார்.

தினமும் உட்கார்றேன் லா, டாக்டர், என்பேன். அதில் பொய் இல்லை.